தரையில் கூடு கட்டும் பிரெய்ரிப் பறவைகளுக்காகப் புல்வெளியைப் பராமரிப்பது எப்படி?

அமெரிக்காவின் மத்திய மேற்கிலும் அதை ஒட்டிய சமவெளி மாநிலங்களிலும் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களுக்கும், அங்குள்ள புல்வெளிக் காப்பிடம் ஒன்றில் தன்னார்வலராகப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். கனடாவின் தென்பகுதியிலிருந்து டெக்சஸ் வரை ஏறத்தாழ 17 கோடி ஏக்கரில் பரந்து கிடந்த உயர்புல் பிரெய்ரி என்னும் இயற்கைப் புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. ‘பிரெய்ரி மாநிலம்’ என்றே அழைக்கப்படும் இலினாய்சில் இருந்த 2 கோடியே 20 லட்சம் ஏக்கரில், தரம் கெடாமல் தப்பியது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கலப்பை போன வழியே பறவைகளும் போயின. 2019ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வின்படி, வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகளின் எண்ணிக்கை 1970க்குப் பிறகு 53 விழுக்காடு சரிந்திருக்கிறது. வேறெந்த வாழிடத்தின் பறவைகளும் இந்த அளவுக்கு அடிபடவில்லை.

நிலத்தில் புல் இருந்தால் பறவை தானாக வந்துவிடும் என்று எண்ணித் தொடங்குபவர்கள் பலர். அப்படி வருவதில்லை. எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் நிற்கும் புல் ஒன்றிரண்டு வகைப் பறவைகளுக்கு மட்டுமே உதவும். மற்றவை அதைப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும். ஆகவே நிலத்தின் ஒரு பகுதியில் புல் குட்டையாகவும், ஒரு பகுதியில் இடைநிலையிலும், ஒரு பகுதியில் அடர்ந்து சருகு படிந்தும் இருக்கும்படி ஆண்டுதோறும் மாற்றி மாற்றி அமைக்க வேண்டும். கூடு கட்டும் மாதங்களில் எதையும் தொடாமல் விட்டுவிட வேண்டும். கீழே சொல்லப்படும் வேலைகள் அத்தனையும் இந்த இரண்டையும் நடத்திக் காட்டுவதற்கான வழிகள்தான்.

யாருக்கு எந்தப் புல் வேண்டும்

வேலையைத் தொடங்குவதற்கு முன் பறவைகளை அறிந்துகொள்ளுங்கள். பட்டியல் நீளமானது அன்று. ஆறு பறவைகளின் தேவை புரிந்தால் மற்றவற்றை நீங்களாகவே ஊகித்துக்கொள்ளலாம்.

கிராஸ்ஹாப்பர் சிட்டு குட்டையான, திட்டுத்திட்டாக வளர்ந்த புல்லை விரும்பும். புல் குத்துகளுக்கு இடையே வெறும் மண் தெரிய வேண்டும், ஏனென்றால் அது பறப்பதைவிட ஓடித்தான் அதிகம் இரைதேடும். அதன் கூட்டை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவருக்கு இந்த வேலையில் ஏன் இவ்வளவு கவனம் தேவை என்பது விளங்கிவிடும்: மண்ணில் சிறு பள்ளம், அதன் விளிம்பு தரைமட்டத்துக்குச் சமம், மேலே காய்ந்த புல் வளைந்து கூரைபோல் மூடியிருக்கும். நீங்கள் நெருங்கும்போது தாய்ப்பறவை பறந்து போகாது. புல்லுக்கடியில் எலிபோல ஓடி, கூட்டைவிட்டுத் தள்ளிப்போய்த்தான் எழும்பும். அந்தப் பறவை எழும்பிய இடத்தில் கூடு இல்லை என்பதால், அங்கிருந்து விலகுவதாக எண்ணிக் கூட்டின்மேலேயே காலை வைத்துவிடுவது எளிது.

ஹென்ஸ்லோ சிட்டு இதற்கு நேர் எதிர். முழங்காலுக்கு மேல் வளர்ந்த அடர்ந்த புல்லும், அதனடியில் முந்தைய ஆண்டுகளின் சருகும் படிந்திருந்தால்தான் அது தங்கும். அந்த ஆண்டு வசந்தத்தில் எரித்த இடத்தில் அதைக் காண்பது அரிது. எரித்து இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்த நிலத்துக்கே வரும். பாபலிங்க் இடைப்பட்டது: மிதமான உயரம், மிதமான சருகு, புல்லோடு கலந்த பூச்செடிகள். அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா வரை போய்த் திரும்பும் இந்தப் பறவையின் ஆண் மே மாதத் தொடக்கத்தில் முதலில் வந்து சேரும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துப் பெண் வரும். கிழக்கு மெடோலார்க் இன்னும் விட்டுக்கொடுக்கும் குணமுடையது. மேய்ச்சல் நிலம், உலர்தீவனப் புல்வயல், பிரெய்ரி எதுவானாலும் கூடு கட்டும். ஆனால் கூட்டின்மேல் கூரை பின்னுவதற்கு அதற்குக் காய்ந்த பழைய புல் வேண்டும்; முழுவதும் வழித்துவிட்ட நிலத்தில் அந்தப் பழைய புல் கிடைக்காது.

அப்லாண்ட் சாண்ட்பைப்பர் என்னும் உள்ளான் சற்று உயர்ந்த புல்லில் கூடு வைத்து, குஞ்சு பொரித்ததும் அவற்றைக் குட்டைப் புல்லுக்கு நடத்திச் செல்லும். எனவே இரண்டு வகைப் புல்லும் அருகருகே இருக்க வேண்டும். பெரிய பிரெய்ரிக் கோழிக்கும் அப்படியே: ஏப்ரல் மாதத்தில் சேவல்கள் கூடி முழங்கி ஆடும் களம் குட்டைப் புல்லாக, திறந்ததாக இருக்க வேண்டும்; ஆனால் பெட்டை 10 முதல் 12 முட்டையிட்டு ஏறத்தாழ 25 நாள் அடைகாக்கும் இடம் மறைவானதாக இருக்க வேண்டும். புதுப்புல் தழைப்பதற்கு முன்பே அது முட்டையிடத் தொடங்கிவிடுவதால், அந்த மறைவைத் தருவது சென்ற ஆண்டின் நிற்கும் காய்ந்த புல்தான். சென்ற ஆண்டுப் புல்லைக் குப்பையாகக் கருதி அகற்றுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு பறவையே சான்று. இதன் கிழக்குக் கரை உறவான ஹீத் கோழி 1932இல் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் முற்றாக அழிந்தது. இலினாய்சில் எஞ்சிய பிரெய்ரிக் கோழிகளோ ஐம்பதுக்கும் கீழே குறைந்து, முட்டை பொரிக்கும் திறனும் மங்கிய நிலையில், 1990களில் மினசோட்டா, கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிலிருந்து கோழிகளைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே மூச்சுவிட்டன.

உங்கள் நிலத்தில் இந்த ஆறும் வர வேண்டியதில்லை. நிலத்தின் அளவும் சுற்றுப்புறமும் எவற்றுக்கு ஏற்றவை என்பதைப் பார்த்து, இரண்டு மூன்று பறவைகளை இலக்காக வைத்துக்கொள்வதே நடக்கக்கூடிய காரியம்.

நிலத்தைப் படித்தல்

முதல் ஆண்டு எதையும் வெட்ட வேண்டாம், எரிக்க வேண்டாம், விதைக்கவும் வேண்டாம். நிலத்தின் வான்படத்தை எடுத்து, அதில் மரவரிசை, வேலி, ஓடை, ஈரப்பகுதி, சாலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிலத்தின் பரப்பையும் வடிவத்தையும் பாருங்கள். இலினாய்சில் ஹெர்கர்ட் என்ற ஆய்வாளர் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், கிழக்கு மெடோலார்க் 5 ஹெக்டேர் அளவுள்ள துண்டு நிலத்திலும் கூடு வைக்க, கிராஸ்ஹாப்பர் சிட்டுக்கு 30 ஹெக்டேர், பாபலிங்குக்கு 50, ஹென்ஸ்லோ சிட்டுக்கு 55 என்று தேவை ஏறிக்கொண்டே போனது. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். இந்த எண்களைக் கண்டு சிறுநிலக்காரர் மனம் தளர வேண்டாம்; பறவை பார்ப்பது உங்கள் பத்திரத்தின் எல்லையை அன்று, கண்ணுக்கெட்டிய திறந்த வெளியை. உங்கள் 40 ஏக்கருக்கு அடுத்து இன்னொருவரின் மேய்ச்சல் நிலம் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஒரு வயலாகும். ஆகவே வேலை தொடங்குமுன் அண்டை நிலக்காரரைப் போய்ப் பார்த்துப் பேசுங்கள். அவர் எப்போது புல் அறுக்கிறார், எத்தனை மாடு விடுகிறார் என்பதெல்லாம் உங்கள் திட்டத்துக்குள் வர வேண்டிய செய்திகள். சதுரமான நிலம் நீண்ட பட்டை நிலத்தைவிட நல்லது, ஏனென்றால் பட்டை நிலத்தில் எங்கே நின்றாலும் விளிம்பு பக்கத்திலேயே இருக்கும்.

அடுத்தது புல்லின் அடர்த்தியை அளப்பது. இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கன்சாசில் 1970இல் ரோபெல் குழுவினர் வகுத்த கோல்முறை இன்றும் எல்லா இடத்திலும் பயன்படுகிறது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரு கோலில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் மாற்றி மாற்றி இரண்டு வண்ணம் பூசி எண்ணிடுங்கள். கோலைப் புல்லில் நிறுத்தி, 4 மீட்டர் நீளக் கயிற்றைப் பிடித்துத் தள்ளி நின்று, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். புல்லால் மறையாமல் தெரியும் மிகத் தாழ்ந்த எண் எது என்பதைக் குறியுங்கள். நான்கு திசையிலும் பார்த்துச் சராசரி எடுங்கள். அதோடு கோலின் அடியில் சருகைக் கையால் விலக்கி, மண் வரைக்கும் எத்தனை செ.மீ. தடிமன் என்று அளந்தெழுதுங்கள். விரல்கள் எளிதில் மண்ணைத் தொட்டால் அது கிராஸ்ஹாப்பர் சிட்டின் இடம். மெத்தைபோல் அமுங்கினால் ஹென்ஸ்லோவின் இடம். வேர்ப்பாய்போல இறுகி விரல் நுழையவே மறுத்தால் அங்கே பெரும்பாலும் டால் பெஸ்க்யூ அல்லது ஸ்மூத் புரோம் ஆகிய அயற்புல் ஆண்டுகொண்டிருக்கிறது என்று பொருள். ஆகஸ்ட் மாதத்தில் ஓர் அளவு, ஏப்ரல் தொடக்கத்தில் ஓர் அளவு போதும். ஏப்ரல் அளவுதான் முக்கியம். பறவை வந்து இறங்கும்போது காண்பது அந்தப் புல்லைத்தான்.

மரங்களை அகற்றுதல்

தமிழர்களாகிய நமக்கு மனம் ஒப்பாத வேலை இது. மரம் நடுவதே அறம் என்று பழகியவர்கள் நாம். ஆனால் பிரெய்ரியின் நடுவே நிற்கும் மரம் அங்கே கூடு வைக்கும் பறவைகளுக்குப் பகை. அதன் உச்சியில் பருந்து அமர்ந்து வயலை நோட்டமிடும். அதன் கிளையிலிருந்து கௌபேர்ட் கீழே பார்த்து, நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டைத் தேடுவதுபோல, முட்டையிட அயலார் கூடு தேடும். மரவரிசையின் நிழலைப் பிடித்தபடி ரக்கூனும் ஸ்கங்கும் நரியும் இரவில் நடந்து வரும். மினசோட்டாவின் உயர்புல் பிரெய்ரியில் செய்து 1990இல் வெளியான ஓர் ஆய்வு, மர விளிம்பிலிருந்து 45 மீட்டருக்குள் இருந்த கூடுகள் வயலின் உள்ளே இருந்தவற்றைவிட அதிகமாகச் சூறையாடப்பட்டதைக் காட்டியது. பிரெய்ரிக் கோழியும் அப்லாண்ட் உள்ளானும் உயர்ந்து நிற்கும் எதன் அருகிலும் கூடு வைப்பதையே தவிர்க்கும். இலினாய்சில் பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை நிலத்தில் 1996இல் நிறுவப்பட்ட மிடேவின் தேசிய உயர்புல் பிரெய்ரியில், பழைய பண்ணைகள் விட்டுச்சென்ற வேலிமர வரிசைகளை அகற்றித் துண்டு வயல்களை ஒன்றாக்கியதன் நோக்கம் இதுதான். நம் நீலகிரியில் சோலைக்கு இடைப்பட்ட புல்வெளியில் வாட்டிலும் பைனும் யூகலிப்டசும் நடப்பட்டதால், தரையில் கூடு வைக்கும் நீலகிரி நெட்டைக்காலி இடமிழந்த கதையை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி ஆகாது.

வெட்டும் வரிசை முக்கியம். வயலின் நடுவில் தனித்து நிற்கும் மரங்களை முதலில் எடுங்கள். பிறகு வயலை இரண்டாகப் பிரிக்கும் வரிசைகளை. எல்லையோர மரங்கள் கடைசி. ஓடைக்கரையிலும் இயல்பான சரிவுகளிலும் பழங்காலந்தொட்டு நிற்கும் பர் ஓக் போன்ற மரங்களைத் தொட வேண்டாம். கிழக்குச் செம்சீடர் மரத்தை மிகத் தாழ்ந்த பச்சைக் கிளைக்கும் கீழே அறுத்தால் போதும். அது மீண்டும் துளிர்க்காது. மாறாக ஆட்டம் ஆலிவ், புதர் ஹனிசக்கிள், ஓசேஜ் ஆரஞ்சு முதலியவற்றை வெறுமனே அறுத்தால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். அறுத்த சில நிமிடங்களுக்குள் அடிக்கட்டையின் பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில் களைக்கொல்லியைப் பூச வேண்டும். கலவையின் அளவைக் கலத்தின் மேலுள்ள விவரத்தில் படித்து அதன்படியே செய்யுங்கள், சட்டமும் அதுவே. இந்த வேலைக்குரிய காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, தரை உறைந்திருக்கும் நாட்கள். அப்போது சக்கரம் மண்ணைக் கிழிக்காது, கூடும் இருக்காது. வெட்டிய கிளைகளை வயலில் குவித்து வைத்துவிடாதீர்கள். அந்தக் குவியலே ஸ்கங்குக்கு வீடாகும். எரித்துவிடுங்கள் அல்லது வெளியேற்றுங்கள்.

நிலத்தைப் பங்கிடுதலும் நாட்காட்டியும்

இப்போது வான்படத்தில் நிலத்தை மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள். நிலம் பெரிதானால் நான்கு. பிரிக்கும் கோடு ஏற்கெனவே உள்ள பாதை, ஓடை, அறுத்த பட்டை ஆகியவற்றின் வழியே போனால் பிறகு தீ வைக்கும்போது வேலை எளிது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதிக்கு மட்டுமே பெரிய வேலை. மற்ற இரண்டும் ஓய்வெடுக்கும். மூன்றாம் ஆண்டு முடியும்போது, இந்த ஆண்டு எரிந்த குட்டைப் புல், ஓராண்டு கடந்த இடைநிலைப் புல், ஈராண்டு கடந்த அடர்புல் என மூன்றும் பக்கம் பக்கமாக நிற்கும். நிலம் மிகச் சிறியதாக, பத்து ஏக்கருக்குள் இருந்தால் அதை இப்படித் துண்டாக்காமல், அண்டை வயல்களில் எந்த வகைப் புல் இல்லையோ அதை உங்கள் நிலத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

நாட்காட்டியில் மே முதல் நாளிலிருந்து ஜூலை இறுதி வரை சிவப்பால் கோடிழுத்து விடுங்கள். ஒரு பாபலிங்க் கூட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள்: கூடு பின்ன ஓரிரு நாள், ஐந்தாறு முட்டையிட அத்தனை நாள், அடைகாக்க ஏறத்தாழ 12 நாள், குஞ்சு கூட்டை விட்டு இறங்க 10 அல்லது 11 நாள், இறங்கிய பிறகும் பறக்க முடியாமல் புல்லுக்குள் பதுங்கித் திரியும் நாட்கள் வேறு. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஆறு வாரம். முதல் கூடு பாம்புக்கோ தரை அணிலுக்கோ பறிபோய்விட்டால் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆறு வாரம். மெடோலார்க் இரண்டாம் முறையும் குஞ்சு பொரிக்கும். டிக்சிசெல் என்னும் இன்னொரு புல்வெளிப் பறவை ஜூலையிலும் முட்டையிடும். அரசின் நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டமான சி.ஆர்.பி.யில் நிலத்தைச் சேர்த்திருந்தால், கூட்டுக்காலத்தின் தேதிகள் மாநில வாரியாக வரையறுக்கப்பட்டிருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள தேதியை மீறினால் பறவைக்கும் கேடு, அத்திட்டத்தில் உங்களுக்கு வரும் தொகைக்கும் கேடு.

தீ

பிரெய்ரி தீயால் உண்டான நிலம். எரிக்காமல் விட்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் புதராகி, பிறகு காடாகிவிடும். தீ சருகை நீக்கி மண்ணில் வெயில் படச் செய்கிறது. பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் முதலிய வெப்பக்காலப் புற்களுக்கு அது ஊக்கம். ஏப்ரலில் ஏற்கெனவே பச்சைபிடித்துவிட்ட அயற்புல்லுக்கு அது அடி. கன்சாசின் கோன்சா பிரெய்ரி ஆய்வு நிலையத்தில் ஆண்டுக்கொரு முறை, இரண்டாண்டுக்கொரு முறை, நான்காண்டுக்கொரு முறை, இருபதாண்டுக்கொரு முறை எனத் தனித்தனி வடிநிலங்களைப் பல பத்தாண்டுகளாக எரித்து ஒப்பிட்டு வருகிறார்கள். இடைவெளி நீள நீளப் புதர் ஏறுவதை அங்கே கண்ணாலேயே காணலாம்.

ஆனால் எரித்தல் நல்லது என்று கேட்டதும் எல்லாவற்றையும் ஆண்டுதோறும் எரிப்பவர்களும் உண்டு. கன்சாசின் பிளின்ட் குன்றுப் பகுதியில் மாட்டுப் பண்ணைக்காக முழு மேய்ச்சல் நிலத்தையும் ஒவ்வொரு வசந்தத்திலும் எரித்து, உடனே இரட்டிப்பு மாடுகளை விடும் வழக்கம் உள்ள இடங்களில் பிரெய்ரிக் கோழிக்கும் ஹென்ஸ்லோ சிட்டுக்கும் மறைவே மிஞ்சுவதில்லை. மேலும், ரீகல் பிரிட்டிலரி போன்ற பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் சருகுக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. எனவே ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிக்காதீர்கள். எரிக்கும் பங்கிலும் தீ தானாகவே விட்டுச்செல்லும் திட்டுகளைத் திரும்பப் போய் எரிக்க வேண்டாம்.

தீ வைப்பதைப் புதியவர் தனியாகச் செய்யவே கூடாது. இதை நான் அறிவுரையாக அன்று, தடையாகவே சொல்கிறேன். முதல் இரண்டு பருவங்கள் பயிற்சி பெற்ற குழுவோடு நீர்ப்பை சுமந்தும் தீயடிப்பான் பிடித்தும் வேலை செய்யுங்கள். தீயணைப்பாளருக்கான எஸ்-130, எஸ்-190 என்ற அடிப்படைப் பாடங்களை முடியுங்கள். இலினாய்சில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் சான்றிதழ் பெற்ற எரிப்பு மேலாளர் என்னும் தகுதியை வகுத்திருக்கிறது. மற்ற மாநிலங்களில் விதி வேறு, உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தில் கேட்டறிய வேண்டும். எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும்: எந்தக் காற்றுத் திசையில் எரிக்கலாம், புகை எந்தச் சாலைமேல் போகும், தீ தாண்டினால் எங்கே தடுப்பது, யாரை அழைப்பது. பொதுவாகக் காற்று மணிக்கு 8 முதல் 24 கி.மீ. வரை ஒரே திசையில் சீராக வீச வேண்டும். ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் நாளில் தீப்பெட்டியைத் தொடாதீர்கள். முந்தைய இலையுதிர் காலத்திலேயே தீத்தடுப்புக் கோடுகளை அகலமாக அறுத்து, சருகை வாரி வெறுமையாக்கி வையுங்கள். எரிக்கும் நாளில் காற்றுக்கு எதிர்த்துப் பின்னோக்கி ஊரும் தீயைக் கோட்டோரம் முதலில் வைத்து, கருகிய பட்டை போதிய அகலம் ஆன பிறகே பக்கவாட்டிலும், கடைசியாகக் காற்று வரும் திசையிலிருந்தும் தீ இட வேண்டும்.

பறவைக் கணக்கில் எரிப்புக்குரிய காலம் மார்ச் மாதமும் ஏப்ரலின் தொடக்கமும், அல்லது இலையுதிர் காலம். இலையுதிர் காலத்தில் எரித்தால் குளிர்காலம் முழுதும் நிலம் வெறுமையாகக் கிடக்கும். அங்கே தங்கும் பறவைகளுக்கு மறைவு இராது. பிரெய்ரிக் கோழி உள்ள நிலமானால் ஏப்ரல் பாதிக்குமேல் எரிப்பது கூட்டின்மேலேயே தீ வைப்பதாகும்.

மேய்ச்சல்

தீக்கு அடுத்து புல்லின் உயரத்தை மாற்றுவது மேயும் விலங்கின் வாய். எரித்த பகுதியில் முளைக்கும் இளம்புல்லைத் தேடி மாடும் காட்டெருமையும் தாமாகவே போய் நிற்கும். எரிக்காத பகுதியை ஏறெடுத்தும் பார்க்கா. எனவே உள்வேலியே இல்லாமல், ஆண்டுக்கு ஒரு பகுதியை எரித்துவிட்டு மந்தையை முழு நிலத்திலும் விட்டால், தீ போகும் இடத்துக்கு மேய்ச்சலும் போகும். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் புலன்டார்ப், எங்கிள் இருவரும் 2001இல் விளக்கி எழுதிய இந்தத் துண்டெரிப்பு மேய்ச்சல், பறவைகளுக்குரிய மூன்று வகைப் புல்லையும் ஒரே வேலியடைப்புக்குள் உண்டாக்கித் தருகிறது. நிலமும் மாடும் இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

மாடு இல்லாதவர்கள் அண்டைப் பண்ணையாளரிடம் பருவக் குத்தகை பேசலாம். மாட்டின் எண்ணிக்கையை அவரது வழக்கத்தைவிடக் குறைவாக வைக்க உடன்பாடு எழுதிக்கொள்ளுங்கள். எரித்த பகுதி குட்டையாவது நாம் விரும்புவதே. ஆனால் எரிக்காத பகுதிகளும் கணுக்கால் உயரத்துக்கு இறங்கினால் மந்தை அதிகம் என்று பொருள், அன்றே குறைக்க வேண்டும். முட்கம்பி வேலியில் தாழப் பறக்கும் பிரெய்ரிக் கோழிகள் மோதி இறப்பதுண்டு. தேவையற்ற உள்வேலிகளைக் கழற்றுங்கள், தேவையானவற்றின் மேல்கம்பியில் வெள்ளைப் பிளாஸ்டிக் அடையாளத் துண்டுகளை மாட்டுங்கள்.

புல் அறுத்தல்

தீயோ மாடோ வாய்க்காத நிலத்துக்கு அறுப்பு. ஆகஸ்ட் தொடக்கத்துக்குப் பிறகு, மூன்றில் ஒரு பகுதியை மட்டும், 20 செ.மீ. உயரத்தில் அறுங்கள், வெட்டிய புல்லை அள்ளி வெளியேற்றாவிட்டால் அது மெத்தையாகப் படிந்து அடுத்த ஆண்டு முளையை அமுக்கிவிடும். வயலின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்தால் பறவையும் முயலும் நடுவில் சிக்கிக்கொள்ளும். நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள். இரவில் அறுக்காதீர்கள்.

உலர்தீவனத்துக்காகப் புல் வளர்ப்பவருக்கு ஜூன் அறுப்பே சத்துள்ள அறுப்பு. அவரை ஆகஸ்ட் வரை காத்திருக்கச் சொல்வது பணத்தை விடச் சொல்வதாகும். வெர்மான்ட்டில் பாபலிங்குக்காக ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: மே இறுதிக்குள் முதல் அறுப்பை முடித்துவிட்டு, அடுத்த அறுப்புக்கு 65 நாள் இடைவெளி விடுவது. முதல் அறுப்பில் கூடிழந்த பறவை அந்த இடைவெளியில் மீண்டும் கூடு வைத்துக் குஞ்சை வெளியேற்றிவிடும். இதுவும் முடியாதவர் வயலின் நடுவிலுள்ள சில ஏக்கரையாவது விட்டு வைக்கலாம். ஓரத்தை விட்டுவைத்து நடுவை அறுப்பதில் பயன் குறைவு.

விதைத்தல்

பயிர்நிலத்தைப் புல்வெளியாக்க, சோயா அறுத்த தாளடி நிலத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை விதையைத் தூவினால், குளிரும் ஈரமும் விதையுறையை இளக்கி வசந்தத்தில் முளைக்க வைக்கும். விதைக்கலவை வாங்கும்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மலிவான கலவைகளில் பிக் புளூஸ்டெம்மும் சுவிட்ச்கிராசும் மிகுந்திருக்கும். மூன்றே ஆண்டில் அவை தலைக்குமேல் வளர்ந்து, கீழே பறவை நடக்க இடமில்லாதபடி நெருங்கிவிடும். லிட்டில் புளூஸ்டெம், சைட்ஓட்ஸ் கிராமா, பிரெய்ரி டிராப்சீட் ஆகிய குத்துப்புற்களை முதன்மையாக்கி, பர்ப்பிள் பிரெய்ரி குளோவர், லெட்பிளான்ட், பிளாக்ஐட் சூசன், காம்பஸ் பிளான்ட் போன்ற பூச்செடிகளைத் தாராளமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். குஞ்சுக்கு ஊட்டும் வெட்டுக்கிளியும் புழுவும் அந்தப் பூச்செடிகளில்தான் மிகுதி. டிக்சிசெல் தன் கூட்டையே தரையிலிருந்து சற்று உயரே அந்தச் செடிகளுக்குள்தான் பொதிந்து வைக்கும்.

விதைத்த முதல் ஆண்டு களை ஓங்கும்போது 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் அடிக்கடி அறுப்பதில் தவறில்லை, அந்த நிலம் இன்னும் கூடுவைக்கும் தரத்துக்கு வந்திருக்காது. இரண்டாம் ஆண்டிலிருந்து சிவப்புக் கோட்டு மாதங்கள் இங்கும் பொருந்தும். செரிசியா லெஸ்பெடேசா, கிரவுன்வெட்ச் முதலிய களைகளுக்கு முதுகுத் தெளிப்பானோடு நடந்துபோய்ச் செடிசெடியாகத் தெளியுங்கள்; ட்ராக்டரில் கம்பு நீட்டி வயல் முழுக்கத் தெளித்தால் பூச்செடிகளும் போய்விடும்.

பறவைகளை எண்ணுதல்

செய்த வேலை பலித்ததா என்பதைப் புல்லின் அழகு சொல்லாது, எண்ணிக்கைதான் சொல்லும். மே கடைசியிலிருந்து ஜூன் இறுதிக்குள், மழையும் பலத்த காற்றும் இல்லாத விடியலில், ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் முன்பே குறித்த ஓரிடத்தில் நின்று, 5 நிமிடம் கேட்கும் குரலையும் காணும் பறவையையும் 100 மீட்டர் வட்டத்துக்குள் எண்ணுங்கள். ஒரே இடம், ஒரே நேர அளவு, ஒவ்வோர் ஆண்டும். குரலால்தான் பெரும்பாலும் அறிய வேண்டியிருக்கும்: பாபலிங்க் பறந்துகொண்டே உலோக மணிகளை உருட்டினாற்போல் பாடும், கிராஸ்ஹாப்பர் சிட்டு பூச்சி ரீங்காரம்போல மெல்லிய உச்சக் குரலில் இழுக்கும், ஹென்ஸ்லோ சிட்டின் பாட்டு ‘ட்சிலிக்’ என்ற ஒரே விக்கல். முதல் பருவத்தில் பறவைக் குரலை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியின் துணையை வைத்துக்கொள்ளலாம். வயதானவர்களின் காதுக்குக் கிராஸ்ஹாப்பர் சிட்டின் குரல் எட்டாமற்போவதுண்டு. இளையவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கூட்டைத் தேடிப் போகாதீர்கள். நீங்கள் மிதித்துப் போன தடத்தை மோப்பம் பிடித்து ரக்கூன் வரும் அபாயம் உண்டு. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டப்படி முட்டையையும் குஞ்சையும் எடுப்பது குற்றமும் ஆகும். தற்செயலாக ஒரு கூடு கண்ணில் பட்டால் நிற்காமல் அதே திசையில் நடந்து கடந்துவிடுங்கள். குச்சி நட்டு அடையாளம் வைக்காதீர்கள். வீட்டுப் பூனை வீட்டுக்குள் இருக்கட்டும், நாயைக் கூட்டுக்காலத்தில் வயலுக்குள் அவிழ்த்துவிட வேண்டாம்.

எண்ணியதை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிவதோடு, நிலத்துக்கென்று ஒரு குறிப்பேட்டையும் வைத்திருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எரித்த தேதி, மாடு விட்ட காலம், அறுத்த தேதி, ஏப்ரல் மாதக் கோலளவு, சருகின் தடிமன், ஜூன் எண்ணிக்கை ஆகியவை ஒரே வரியில் வர வேண்டும். எரித்த பகுதியில் ஹென்ஸ்லோ குறைந்து கிராஸ்ஹாப்பர் சிட்டு ஏறியிருந்தால் கவலைப்பட வேண்டாம், அது எதிர்பார்த்ததுதான்; ஹென்ஸ்லோ பக்கத்துப் பகுதியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பகுதியிலும் ஒரே பறவை குறைந்துகொண்டே போனால் முதலில் சருகின் தடிமனையும், அடுத்து எல்லையோரத்தில் புதிதாக எழும்பிய மரக்கன்றுகளையும், பிறகு அண்டை வயலில் என்ன மாறியது என்பதையும் இந்த வரிசையில் ஆராயுங்கள்; பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் காரணம் கிடைக்கும், அடுத்த குளிர்காலத்தின் வேலையும் அதிலிருந்தே முடிவாகும்.